சாட்சிக்கு வேண்டிய இருட்டு

அந்த முக்காலியின் மேல் ஏறி நின்றால் சூப்பரிண்டன் அம்மாவின் வரவேற்பறை முழுவதும் தெரியும். இடது பக்கம் பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம், அதன் கிளைகளில் பனிக்காகப் பிய்த்து ஒட்டிய பஞ்சு. டிசம்பர் நண்பகலில்கூட விசிறி தேவைப்படும் ரங்கூனில், பனி எப்படி இருக்கும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் இந்த வருடம் பஞ்சு போதவில்லை என்று யாராவது ஒருவர் குறை சொல்வார். எதிரே நாற்காலிகளில் விருந்தாளிகள், மடியில் பலகாரத் தட்டு. வலது பக்கம், சமையலறைக் கதவோரம், இடுப்பில் கட்டிய பர்மியக் கைலியான தமெய்னில் ஈரக் கையைத் துடைத்தபடி என் அம்மா. ஏழு வயதிலிருந்து பதினாறு வயது வரை, பத்து கிறிஸ்துமஸ், காலை ஆராதனை முடிந்ததும் நான் அந்த முக்காலியில் ஏறிச் சாட்சி சொன்னேன்.

சாட்சி என்பது எங்கள் சபையில் பழைய வழக்கம். ஒருவர் எழுந்து, முன்பு நான் இப்படி இருந்தேன், ஆண்டவர் என்னை இப்படி மாற்றினார் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்வது. வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. குடியை விட்ட ஒரு டாக்சிக்காரர் நான்கே வாக்கியத்தில் சொன்ன சாட்சியைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன். ஆனால் சூப்பரிண்டன் அம்மா அதை நட்சத்திர விளக்கு, கலர்த்தாள் தோரணம் வரிசையில் தன் வீட்டுக் கிறிஸ்துமஸ் அலங்காரங்களில் ஒன்றாக வைத்துக்கொண்டார். அவருடைய கணவர் இன்சீனில் ரயில்வே ஆபீஸில் சூப்பரிண்டெண்டாக இருந்து நான் பிறப்பதற்கு முன்பே ஓய்வு பெற்றவர். வேலை போனது அவருக்கு, பட்டம் தங்கியது இவருக்கு. தகப்பன் காலத்திலிருந்து மிஷன் பள்ளியில் படித்த குடும்பம் என்பதை நாளுக்கு ஒரு முறையாவது சொல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. அந்த வீட்டில் என் அம்மா சமையல் வேலை பார்த்தாள். அம்மாவுக்கும் எழுத்து தெரியாது, அவளைப் பெற்றவர்களுக்கும் தெரியாது, என் அப்பாவும் இறக்கும்வரை கட்டைவிரல்தான் வைத்தார். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

நான் முதல் வகுப்பில் சேர்ந்த வருடம், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சூப்பரிண்டன் அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு தாளில் எழுதியதைப் படித்துக் காட்டி மனப்பாடம் செய்யச் சொன்னார். அவருடைய தயவால் நான் படிக்க ஆரம்பித்தேன் என்பது அதன் பொருள். படித்து முடித்ததும் அவருக்கே திருப்தி இல்லை. பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசித்துவிட்டுச் சொன்னார்:

"சாட்சின்னா முதல்ல இருட்டு வேணும் பாப்பா. இருட்டச் சொல்லாம வெளிச்சத்த மட்டும் சொன்னா யாருக்கு அதோட அரும தெரியும்?"

ஏழு வயதில் என்னிடம் ஏது இருட்டு? நான் குடித்ததில்லை, திருடியதில்லை. பக்கத்து வீட்டு மரத்தில் ஒரு கொய்யா பறித்திருக்கிறேன், அது போதாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஆகவே எனக்கு ஓர் இருட்டை அவரே கொடுத்தார். அந்த இருட்டு என் அம்மா. 'பொம்பளப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு, பாத்திரம் தேய்க்க வரட்டும் என்று என் தாயார் என்னைத் தடுத்தார்கள். அப்போது ஆண்டவர் சூப்பரிண்டன் அம்மாவின் இருதயத்தில் பேசினார்.' இதுதான் நான் சொல்ல வேண்டிய வாக்கியம். அதைப் பிழையில்லாமல் சொன்னேன். விருந்தாளிகள் கைதட்டினார்கள். ஒரு அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சமையலறைக் கதவோரம் நின்ற அம்மா உள்ளே போனாள். அடுப்பில் எண்ணெய் இருந்தது.

நடந்தது என்ன என்று எனக்கு அப்போதே தெரியும். ஆறு வயதில் அந்தச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது, அம்மா தயங்கித் தயங்கி அரை நாள் விடுப்பு கேட்டாள், என்னைப் பள்ளியில் சேர்க்க. அப்போது பாத்திரம் தேய்க்க வரட்டும் என்று சொன்னவர் சூப்பரிண்டன் அம்மா. வார்த்தை மாறாமல் அதே வாக்கியம். பள்ளியில் கேட்ட, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் தாளுக்காக அம்மா வார்டு ஆபீஸுக்கு மூன்று முறை நடந்தாள். முதல் முறை ஆள் இல்லை, இரண்டாம் முறை அப்பாவின் பெயர் தப்பாக இருந்தது, மூன்றாம் முறை வாசலில் உட்கார்ந்துகொண்டு தாள் வரும்வரை எழுந்திருக்க மறுத்தாள். இதிலேயே ஒரு வருடம் போயிற்று. எல்லாம் முடிந்த பிறகு சூப்பரிண்டன் அம்மா தன் பேத்தியின் பழைய பள்ளிச் சீருடைப் பச்சைத் தமெய்ன் ஒன்றையும், தலைமை ஆசிரியைக்கு ஒரு கடிதத்தையும் கொடுத்தனுப்பினார். தலைமை ஆசிரியை அந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே மேஜை ஓரம் வைத்ததை நான் பார்த்தேன். அவருடைய தயவு அவ்வளவுதான்: வெளுத்த பச்சை, பிரிக்காத உறை.

அந்த வீட்டுக் கிறிஸ்துமஸ் நவம்பர் கடைசியிலேயே ஆரம்பித்துவிடும். அம்மா விடியற்காலையிலேயே போய்விடுவாள். அச்சை எண்ணெயில் காயவைத்து, மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்கி எடுத்து அச்சு முறுக்கு சுடுவாள். பள்ளி விட்டு வந்ததும் நான் சின்ன மாவு உருண்டைகளைப் புதுச் சீப்பின் பல்லில் அழுத்திச் சுருட்டிக் கல்கல் செய்வேன். ரவையும் தேங்காய்ப்பாலும் கிளறி, மேலும் கீழும் கரி போட்டு வேகவைக்கிற சனுவின்மக்கின் மட்டும் நான்கு தட்டு. அது இந்த ஊர் முழுக்க எல்லாத் தெருவிலும் விற்கிற பர்மியப் பலகாரம். சூப்பரிண்டன் அம்மாவோ அதைத் தன் பாட்டனார் வீட்டுக் கேக் என்று சொல்லுவார். வேலை நடக்கும்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வாசற்படிவரை வந்து, புகை அதிகம் என்று சொல்லிவிட்டுப் போவார். கிறிஸ்துமஸ் அன்று தட்டை நீட்டும்போது மட்டும், "எல்லாம் நானேதான். கை ஓஞ்சு போச்சு," என்று சொல்லி மோதிரம் போட்ட விரல்களைப் பிசைந்துகொள்வார். வந்திருப்பவர்கள், அந்தக் கை ஓய்ந்ததற்காக வருத்தப்படுவார்கள். அந்த விரல்களில் ஒரு தீக்காயம்கூட இல்லை என்று அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் வருத்தப்பட்டார்கள் என்பதுதான் இதில் கேவலம்.

இனி எழுதப்போவது என்னைப் பற்றியது. அதையும் எழுதாவிட்டால் இதை எழுதுவதில் பொருளில்லை. கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளைக்கு எதிலும் முதலாக வரத் தோன்றும். ஒன்பது வயதில், எழுதிக் கொடுத்ததைச் சொல்லி முடித்துவிட்டு, யாரும் கேட்காமலே ஒரு வரி சேர்த்தேன்: 'நான் பள்ளியில் சேர்வதற்கு முன்பு, வீட்டில் இருந்த ஒரே புத்தகத்தையும் என் தாயார் அடுப்பில் போட்டு எரித்தார்கள்.' அறையே 'ஐயோ' என்றது. அப்படி ஒரு 'ஐயோ'வை நான் அதுவரை வாங்கியதில்லை. சூப்பரிண்டன் அம்மா என்னைத் தட்டிக்கொடுத்து, அடுத்த வருடத் தாளில் அந்த வரியைத் தன் அழகான கையெழுத்தில் சேர்த்துக்கொண்டார். உண்மையா என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பார், நல்ல இருட்டு கிடைத்த சந்தோஷத்தில் இருந்தார். அதற்கடுத்த வருடம் புத்தகம் எரியும்போது நான் அழுதேன் என்றேன். அதற்கும் அடுத்த வருடம் சாம்பலைக் கையில் அள்ளினேன். தமிழில் சொல்லிவிட்டு, தமிழ் சரியாக வராத இளையவர்களுக்காகவும் பர்மிய விருந்தாளிகளுக்காகவும் பர்மிய மொழியிலும் சொன்னேன். ஒன்றல்ல, இரண்டு மொழியில் என் அம்மாவை எரித்தேன்.

ஒரு தடவை, பதினோரு வயதில், வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மாவிடம் கோபமா என்று கேட்டேன். அம்மா என் தலையில் கையை வைத்து, "சொல்லிட்டுப் போ. பள்ளிக்கூடம் போறதான?" என்றாள். அவ்வளவுதான் அவள் பேசியது. நான் சொல்வதை நிறுத்தினால் அவள் வேலை போகும், வேலை போனால் என் படிப்பு போகும். அந்தக் கணக்கு எனக்குப் புரிய இன்னும் பல வருடம் ஆயிற்று. புரியாத காலத்தில், திருப்பிப் பேசத் தெரியாதவள் என்று நானும் அவளை இளக்காரமாக நினைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு சபையில் ஓர் ஆசை இருந்தது, ஒன்றே ஒன்று. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் பீடத்தின் முன்னால் ஒவ்வொரு மெழுகுவர்த்தியாக ஏற்றுவார்கள். வாரம் ஒரு குடும்பம் முன்னால் போகும். அந்தக் குடும்பத்துப் பெண் ஏற்றுவாள், எல்லோரும் எழுந்து நிற்பார்கள். மெழுகுவர்த்தி ஏற்ற எழுத்து தெரிய வேண்டியதில்லை. அந்த வாரக் குடும்பத்தின் பெயரை வாசல் பலகையில் எழுதிப் போடுவார்கள். நான் எழுத்துக் கூட்டப் படித்த வருடத்திலிருந்து, பலகையைத் தாண்டும்போதெல்லாம் அம்மா என் கையை லேசாகப் பிடித்து நிறுத்தி, "இந்த வாரம் யாரு பேரு போட்டிருக்கு?" என்று கேட்பாள். நான் படித்துச் சொல்வேன். ஏதோ ஒரு கிளார்க் வீடு, ஏதோ ஒரு டீச்சர் வீடு. "நல்ல குடும்பம்," என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போவாள். ஒரே குடும்பம் ஐந்து தடவை ஏற்றியதும் உண்டு. எங்கள் பெயர் வரவில்லை. சமையல்காரி என்பதால் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்கு வயது இருபத்தெட்டு. தின்கன்ஜூனில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு கற்றுத்தருகிறேன். ஒரு காலத்தில் என் பெயரையே கேட்காதவர்கள் எல்லாம் சபையில் என்னை 'சயாமா' என்று கூப்பிடுகிறார்கள். ஆசிரியைக்குரிய மரியாதை. போன வருடம் நவம்பரில், சபைச் செயலாளரிடம் நானே போய், இந்த முறை எங்கள் அம்மா மெழுகுவர்த்தி ஏற்றட்டும் என்று கேட்டேன். அவர் நோட்டைத் திறந்தார், மூடினார், கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நெனக்காதீங்க சயாமா. வேதத்த எரிச்ச கைன்னு சனங்க பேசுவாங்க. நமக்கு எதுக்கு?"

என் அடுப்பிலிருந்து அவர்கள் வாய்க்குப் போவதற்குள் அந்தப் புத்தகம் வேதாகமமாகிவிட்டது. பல வருடமாக என் அம்மா இந்தச் சபையில் பைபிளை எரித்தவளாக உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அதை அவளிடம் கேட்டதே இல்லை. கேட்காமல் இருப்பதைத்தான் அவர்கள் பண்பு என்கிறார்கள். அது பொய், நான் சிறுவயதில் கட்டியது என்று செயலாளரிடம் அப்போதே சொன்னேன். அவர் என்னைக் கனிவோடு பார்த்துத் தலையாட்டினார். அந்தக் கனிவை அன்று நான் சரியாகப் படிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், இப்படி ஒரு பேச்சு இருப்பது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். எப்போதோ தெரியும் என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்த வருடம் சூப்பரிண்டன் அம்மாவுக்கு எண்பது வயது. கிறிஸ்துமஸ் மர விழாவில் அவருக்குச் சால்வை போர்த்துவது என்று சபையில் முடிவு செய்தார்கள். அவர் எனக்கு ஆள்விட்டு அழைத்தார். மின்சாரம் இல்லாத மத்தியானம், பின்கட்டில் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. எண்பதிலும் அந்தக் குரல் அதற்கு மேல் கேட்டது. அந்தப் பழைய சாட்சியை ஒரே ஒரு தடவை எல்லோர் முன்னிலும் சொல்ல வேண்டுமாம். "அன்னிக்கி சொன்னமாதிரியே, அந்த அடுப்பு, சாம்பல் எல்லாம். இப்ப நீ சயாமா வேற. இன்னும் எடுப்பா இருக்கும்." என் படிப்பு அவருடைய சால்வைக்கு ஜரிகை. என் அம்மா அப்போது அந்த வீட்டுச் சமையலறையில் கல்கல்லுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் வேலையை விடச் சொல்லி எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், வீட்டில் உட்கார்ந்தால் கால் வீங்குகிறது என்பாள். பிசையும் சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி தொடர்ந்தது. சரி, சொல்கிறேன் என்று நான் ஒப்புக்கொண்டேன்.

இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு சேர வேண்டும் என்பதால் விழா மூன்றாம் ஞாயிறு மத்தியானமே வைத்திருந்தார்கள். சால்வை போர்த்தியாயிற்று. பிள்ளைகள் பர்மிய எழுத்தில் எழுதிவைத்த தமிழ்ப் பாட்டைப் பார்த்துப் பாடினார்கள். பிறகு என்னை அழைத்தார்கள். நான் மைக்கைப் பிடித்து, வகுப்பில் பேசுவதுபோல் நிதானமாகச் சொன்னேன். என் அம்மா எந்தப் புத்தகத்தையும் எரிக்கவில்லை. அது கைதட்டலுக்காக ஒன்பது வயதில் நான் சொன்ன பொய். என்னைப் பள்ளியில் சேர்த்தது என் அம்மா, வார்டு ஆபீஸுக்கு மூன்று முறை நடந்து. பாத்திரம் தேய்க்க வரட்டும் என்று சொன்னது என் அம்மா அல்ல, அதைச் சொன்னவர் இந்த மண்டபத்தில் இருக்கிறார். அப்போது முன்வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்த சூப்பரிண்டன் அம்மாவும், அந்த ஆள் யார் என்று கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே மறந்துவிட்டார். எல்லாவற்றையும் பர்மிய மொழியிலும் சொன்னேன், ஒருவரும் புரியவில்லை என்று தப்பிக்கக் கூடாது என்று.

கைதட்டினார்கள். என்னால் நம்ப முடியவில்லை. இதுவரை எனக்குக் கிடைத்த கைதட்டல்களிலேயே அதுதான் பெரியது. போதகர் ஸ்தோத்திரம் சொல்லி, தாயைக் கனம் பண்ணுவது பற்றிப் பத்து நிமிடம் பேசினார். சூப்பரிண்டன் அம்மா எழுந்து வந்து, நாப்தலீன் வாசனை வீசும் சால்வைக்குள் என்னை இழுத்து அணைத்து, பக்கத்திலிருந்தவர்களிடம், "எப்படிப்பட்ட பிள்ளைய வளத்திருக்கேன் பாத்தீங்களா," என்றார். சாட்சிக்கு இருட்டு வேண்டும் என்றாரே, அவர் சொன்னது சரிதான். இந்த முறை என்னையே இருட்டாக வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் அதைச் சாட்சியாக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள்.

சாப்பாடு மண்டபத்தின் பின்னால் பந்தலில். அம்மா அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று டம்பௌ பிரியாணி எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். செயலாளரின் மனைவி தட்டை நீட்டியபடி, கண் கலங்கி, அம்மாவின் முழங்கையைத் தொட்டார்.

"என்ன பிள்ள பெத்திருக்கீங்க. நீங்க செஞ்சத எல்லாம் மன்னிச்சு, தன் பேருலயே போட்டு மூடிட்டாளே. அன்பு திரளான பாவங்கள மூடும்னு வேதம் சொல்லுதில்ல."

சுற்றி நின்ற நான்கைந்து பெண்கள் தலையாட்டினார்கள். போன வருடம் செயலாளர் ஆட்டிய அதே தலையாட்டல். எனக்கு விளங்கிவிட்டது. நான் எத்தனை மொழியில் மறுத்தாலும் அது பாசமுள்ள மகள் போடும் திரைதான். நான் தோற்றுவிட்டேன். என் தொண்டையில் ஒரு கெட்ட வார்த்தை வந்து நின்றது, அது பர்மிய வார்த்தை.

அம்மா கரண்டியை அண்டாவின் விளிம்பில் சாய்த்துவைத்தாள். அவசரமில்லாமல், அந்த அம்மாளிடம் காரம் போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்:

"மூடுறதுக்கு என்னங்க இருக்கு? அப்ப எங்க வீட்ல எரிக்கறதுக்கு ஏது புத்தகம்? ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது. சோத்துக்கே வழியில்லாதப்ப புத்தகத்த யாரு வாங்கி வெச்சா?"

சுற்றி நின்றவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்த வீட்டுப் பெண்கள், கிளார்க்கின் மகள், டீச்சரின் தங்கை. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு ஆள்கூட இல்லாத வீட்டில் அந்த ஒரே புத்தகம் எப்படி வந்தது என்று இத்தனை வருடத்தில் ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை. கணக்கு டீச்சரான எனக்கும் தோன்றவில்லை. ஒரு பட்டத்துக்காக நான் படித்த எந்தப் பாடத்திலும் இப்படி ஒரு நேர்வழி நிரூபணத்தைப் பார்த்ததில்லை. செயலாளரின் மனைவி தட்டை இழுத்துக்கொள்ளவும் தெரியாமல், நீட்டவும் தெரியாமல் நின்றார். அம்மா கரண்டியை எடுத்து, அவர் தட்டில் ஒரு பெரிய இறைச்சித் துண்டாகப் பார்த்துப் போட்டாள்.

மறுநாள் காலை செயலாளர் போன் செய்தார். நான்காம் ஞாயிறு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டிய குடும்பத்துக்கு ஏதோ அசௌகரியமாம், உங்கள் அம்மா ஏற்ற முடியுமா என்றார். அந்தக் குடும்பத்துக்கு ஒரு அசௌகரியமும் இல்லை, நேற்றுத்தான் மூன்று தட்டு சாப்பிட்டார்கள். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் வாயில் வரவழைக்கும்வரை விடக்கூடாது என்று நினைத்துக்கொண்டு, போனைக் கையால் மூடி அம்மாவைப் பார்த்தேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன்.

முறத்தை இரண்டு தட்டு தட்டி, உமியை ஊதினாள்.

"வர்றாங்கன்னு சொல்லு. ஏத்திட்டு வந்து ஒக்காந்துருவேன். மைக்க மட்டும் எங்கிட்ட நீட்டக் கூடாதுன்னு சொல்லிரு."